தவக்காலத்தில் தொடங்கும் ஜெபப் பழக்கம் ஈஸ்டரோடு நின்றுபோவது ஏன்? 40 நாளைத் தாண்டி நிலைக்க என்ன வழி?

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வரும்போது எல்லோருக்குள்ளும் ஒரு வைராக்கியம் இருக்கும். இனி தினமும் காலை 5 மணிக்கு எழுந்து ஜெபம். ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் பைபிள். கறி, மீன் கிடையாது. டீ கிடையாது. சீரியல் கிடையாது.

முதல் வாரம் நன்றாகவே போகும். இரண்டாவது வாரம் அலாரத்தை அணைத்துவிட்டு, 'இன்னும் பத்து நிமிஷம்' என்று புரண்டு படுப்போம். மூன்றாவது வாரத்தில் மிச்சம் இருப்பது கறி, மீன் சாப்பிடாதது மட்டும்தான். அதுவும் ஈஸ்டர் மதியம் பிரியாணியோடு முடிந்துவிடும்.

'வருஷா வருஷம் எனக்கு இதே கதைதான்' என்கிறீர்களா? பக்தி போதவில்லை என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதற்கு முன்னால், போட்ட கணக்கு சரிதானா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

40 நாள் என்கிறார்கள், காலண்டரில் 46 வருகிறதே?

சாம்பல் புதனில் தொடங்கி, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. ஞாயிறு இயேசு உயிர்த்த நாள் என்பதால் அன்று நோன்பு கிடையாது. அந்த ஆறையும் கழித்தால் 40.

ஆரம்பத்தில் இது ஆறு வாரக் காலமாகத்தான் இருந்தது. ஞாயிறுகளைக் கழித்தால் 36 நாள்தான் தேறியது. குறைந்த நாலு நாளைச் சேர்ப்பதற்காகத்தான் தொடக்கம் பின்னால் புதன்கிழமைக்கு நகர்ந்தது. 40 என்ற எண், இயேசு பாலைவனத்தில் நோன்பிருந்த 40 நாளை ஒட்டியது. மோசே சீனாய் மலையில் இருந்ததும், எலியா ஓரேபு மலைக்கு நடந்ததும் அதே 40 நாள்தான். கி.பி. 325-ல் நடந்த நிசேயா திருச்சங்கத்தின் ஒரு விதியிலேயே 'நாற்பது நாள்' என்ற குறிப்பு வந்துவிட்டது.

கத்தோலிக்கர்கள் இதைத் தவக்காலம் என்பார்கள், தொடங்கும் நாளைத் திருநீற்றுப் புதன் என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் லெந்து காலம் என்ற பெயர்தான் அதிகம் புழங்குகிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இதைத் தனியாக அனுசரிப்பதில்லை. தேதி ஒவ்வொரு வருடமும் மாறும். 2026-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-ல் பிப்ரவரி 10-ம் தேதி தொடங்கி, மார்ச் 28-ல் ஈஸ்டர்.

40 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளுமா?

'21 நாள் தொடர்ந்து செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதன் வேர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகம். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்துச் சொன்னார். 'குறைந்தது' என்ற வார்த்தை வழியில் எங்கோ உதிர்ந்துபோனது.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி. 2009-ல் வெளியான அவருடைய ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓட்டம் என்று ஆளுக்கு ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துத் தினமும் செய்தார்கள். 'யோசிக்காமலேயே கை தானாகச் செய்கிறது' என்ற நிலைக்கு வர ஆன காலம் சராசரியாக 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. எளிய வேலை சீக்கிரம் ஒட்டியது, கடினமானது இழுத்தடித்தது.

இதைத் தவக்காலத்தோடு பொருத்திப் பாருங்கள். 2027 பிப்ரவரி 10-ல் ஒருவர் தினசரி ஜெபத்தைத் தொடங்கினால், அவருக்கு 66-வது நாள் ஏப்ரல் 16. ஈஸ்டர் முடிந்து 19 நாள் கழித்து. அதாவது, பாதி வெந்த சோற்றை இறக்கி வைக்கிற மாதிரி, பழக்கம் பாதி உருவான நேரத்தில் நாம் 'தவக்காலம் முடிந்தது' என்று கைகழுவிவிடுகிறோம். பிறகு அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து.

ஆனால் திருச்சபை நாட்காட்டி ஈஸ்டர் ஞாயிறோடு நிற்பதில்லை. அங்கிருந்து பெந்தெகொஸ்தே வரை 50 நாள் பாஸ்கா காலம். முந்தைய 46-ஐயும் சேர்த்தால் 96 நாள். சராசரி ஆள் ஒருவருக்குப் பழக்கம் ஊன்ற இது தாராளம். 40 நாள் நோன்பு அந்த 96 நாளின் முன்பாதி என்று வைத்துக்கொண்டால், எதை எடுத்துச் செய்வது என்ற முடிவே மாறிவிடும். 40 நாளுக்கு மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்யக்கூடியதை விட்டுவிட்டு, ஜூன் மாதத்திலும் செய்யக்கூடியதை எடுப்போம்.

அப்படியானால் எதை எடுப்பது?

சாம்பல் புதன் அன்று வாசிக்கப்படும் மத்தேயு 6-ம் அதிகாரத்தில் மூன்று விஷயங்கள் வருகின்றன: தர்மம், ஜெபம், நோன்பு. மூன்றையும் ஊர் பார்க்கச் செய்யாதே என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. நம்மில் பலர் மூன்றிலும் ஆளுக்கு நாலு தீர்மானம் எடுத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

6-ம் நூற்றாண்டில் இத்தாலியில் துறவிகளுக்கான ஒழுங்கு விதிகளை எழுதியவர் புனித பெனடிக்ட். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்வார்களே, அவர்தான். தவக்காலத்துக்கென்றே ஒரு தனி அதிகாரம் வைத்திருக்கிறார். வழக்கமாகச் செய்வதோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்: கொஞ்சம் ஜெபம், சாப்பாட்டில், தூக்கத்தில், பேச்சில் கொஞ்சம் குறைப்பு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. என்ன செய்யப்போகிறாய் என்பதை மடத்துத் தலைவரிடம் முதலில் சொல்லி, அவர் சம்மதம் வாங்க வேண்டும். சொல்லாமல் செய்தால் அது வீம்புக் கணக்கில் போகும்.

துறவிகளுக்கே இந்தக் கடிவாளம் என்றால், ஆபீஸ், பிள்ளைகள் பரீட்சை, பஸ் நெரிசல் என்று ஓடும் நமக்கு? வீட்டில் ஒருவரிடமோ, பங்கு சாமியாரிடமோ, போதகரிடமோ, 'இந்த லெந்துல இதைச் செய்யலாம்னு இருக்கேன்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை அவர்கள், 'இவ்வளவும் முடியுமாப்பா?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி முதல் நாளே வந்துவிடுவது நல்லது.

பெனடிக்ட் இன்னொன்றும் செய்தார். தவக்காலம் தொடங்கும்போது ஒவ்வொரு துறவிக்கும் நூலகத்திலிருந்து ஒரே ஒரு புத்தகம் கொடுக்கப்படும். அதை முதலிலிருந்து கடைசி வரை, விடாமல் வரிசையாகப் படிக்க வேண்டும்.

இதை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளலாம். மாற்கு நற்செய்தியில் மொத்தமே 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்குப் பாதி அதிகாரம் என்றால் 32 நாளில் முடிந்துவிடும். 40-ல் 8 நாள் கையிருப்பு. காய்ச்சல் வந்த நாள், ஊருக்குப் போன நாள், சும்மாவே விட்டுப்போன நாள் எல்லாவற்றுக்கும் அந்த எட்டு நாள் ஈடுகொடுக்கும். பாதி அதிகாரம் படிக்க ஐந்து நிமிடம் போதும். 'மூன்று அதிகாரம்' என்று கிளம்பி லேவியராகமத்தில் சிக்கி நிற்பதைவிட இது எவ்வளவோ தேவலை.

எப்போது, எங்கே என்பதை முதலிலேயே பிடித்துப் போடுங்கள்

'தினமும் ஜெபிப்பேன்' என்பது ஆசை. 'காலையில் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, மூன்று விசில் வருவதற்குள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து ஜெபிப்பேன்' என்பது திட்டம். 'இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் தன் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

ஏற்கெனவே தினம் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு கட்டிவிட வேண்டும். பல் தேய்த்ததும். கடையின் ஷட்டரைத் தூக்கியதும். பிள்ளை ஸ்கூல் வேன் ஏறியதும். நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுக்கு, செக்யூரிட்டிக்கு 'காலை 5 மணி' என்பது பொருந்தவே பொருந்தாது. டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் என்று அவர்கள் வைத்துக்கொள்ளலாம். கடிகாரம் எதைக் காட்டினாலும் செருப்பைக் கழற்றத்தானே வேண்டும்.

நம் வீடுகளில் பழைய தலைமுறைக்கு இதற்கு வழி இருந்தது. விளக்கு வைக்கும் நேரம் ஆனால், கூப்பிடாமலேயே எல்லோரும் கூடி ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்வார்கள். பாட்டி தொடங்குவார், தூங்கி வழியும் பேரன்கூட 'ஆமென்' போடுவான். தனி மனிதரின் மன உறுதியை நம்பி அது ஓடவில்லை. வீட்டின் நேரத்தை நம்பி ஓடியது. தவக்கால வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையும் அப்படித்தான். 14 நிலைகள், குறித்த நாள், குறித்த நேரம், ஊரே வருகிறது. தனியாக ஒரு பழக்கத்தைப் பிடிக்கத் தடுமாறுபவர்கள், வாரத்துக்கு ஒரு நாள் அந்தக் கூட்டத்தோடு போய் நிற்பதிலிருந்து தொடங்கலாம்.

மொபைலில் பைபிள் படிக்கலாமா?

தாராளமாக. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கே தெரியும், மாற்கு 4-ம் அதிகாரத்தைத் திறக்கப் போன விரல் எப்படி ரீல்ஸில் போய் முடிகிறது என்று. ஆப்பில்தான் படிக்க வேண்டும் என்றால், திறப்பதற்கு முன்னாலேயே ஃபிளைட் மோடு போட்டுவிடுங்கள். பெரும்பாலான பைபிள் ஆப்களில் ஒருமுறை டவுன்லோடு செய்துகொண்டால் இன்டர்நெட் இல்லாமலே படிக்கலாம். அச்சுப் புத்தகம் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அலமாரிக்குள் பூட்டி வைக்காமல், உட்காரும் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வாரம் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

தொடக்கத்தின் புதுமை போய்விட்டது. ஈஸ்டர் இன்னும் கண்ணில் படவில்லை. எல்லாம் சலிப்பாக இருக்கிறது. இது நமக்கு மட்டும் வருவதல்ல.

4-ம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதை நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறார். காலை பத்து மணி வாக்கில் ஒரு சலிப்பு வந்து துறவியைப் பிடிக்குமாம். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது, ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். அடிக்கடி ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்ப்பார். யாராவது பார்க்க வருகிறார்களா என்று வெளியே வந்து நிற்பார். இந்த இடமே சரியில்லை, வேறு எங்காவது போனால் நன்றாக ஜெபிக்கலாம் என்று மனம் வாதாடும். இதற்கு 'நண்பகல் பேய்' என்று பெயர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நோட்டிஃபிகேஷனைப் பார்க்கிற நமக்கு இந்தப் பேயை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

அவர் சொன்ன மருந்து ரொம்ப எளிது: அறையை விட்டுக் கிளம்பாதே. ஜெபம் இனிக்கவில்லை என்றாலும் அந்த ஐந்து நிமிடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருங்கள். புதுப் புத்தகம், புது ஜெப முறை, புது யூடியூப் பிரசங்கியார் என்று இந்த வாரத்தில் மாற்றவே மாற்றாதீர்கள். இனிக்கிறதா என்பதைப் பெந்தெகொஸ்தே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் விட்டுப்போச்சு. எல்லாம் போச்சா?

போகவில்லை. லாலியின் ஆய்விலேயே, இடையில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. விட்ட நாளைவிட, 'ஒரு நாள் போயிடுச்சு, இனி என்ன' என்று மறுநாளும் விடுவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. விட்டதை மறுநாள் இரட்டிப்பாகச் செய்து கடன் அடைக்கவும் வேண்டாம். அந்தப் பாரத்தில் மூன்றாவது நாளும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் நூல் 1548-ல் அச்சானது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள் என்கிறது அது. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு, மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை யோசித்துப் பார்த்து, எத்தனை தடவை தவறினோமோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். பிறகு மதியத்தை இரவோடு, நேற்றை இன்றோடு, போன வாரத்தை இந்த வாரத்தோடு ஒப்பிட வேண்டும். இன்றைக்கு பிளே ஸ்டோரில் ஹேபிட் டிராக்கர் என்று விற்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். புள்ளி குறைகிறதா என்று பார்ப்பதே நோக்கம். புள்ளியே இல்லாத பக்கத்தை அவரும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டு காலண்டரில், ஜெபித்த நாளில் பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்டாலே போதும். அதை ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். மத்தேயு 6 அதைத்தான் சொல்கிறது.

நோன்பு: யாருக்குக் கட்டாயம், யார் கவனமாக இருக்க வேண்டும்?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி முழு நோன்பு கட்டாயமான நாட்கள் இரண்டுதான்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. நம் ஊரில் ஒருசந்தி என்கிறோமே, அதுதான். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற நேரம் கொஞ்சமாக ஏதாவது. 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 நிறையும் வரை இது பொருந்தும். இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்த எல்லோருக்கும். மற்றவை எல்லாம் அவரவர் விருப்பத் தவம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. சர்க்கரை அளவு சட்டென்று இறங்குவது ஆபத்து. நோயாளிகளை நோன்பு கட்டாயப்படுத்தாது. அவர்கள் சாப்பாட்டுக்குப் பதில் வேறொன்றை விடலாம். மதியம் ஒரு மணி நேரம் டிவியை அணைத்து வைப்பதும் கணக்கில் சேரும்.

விட்டதில் மிச்சமாகும் காசு எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தினமும் வெளியே குடிக்கும் ஒரு டீ 15 ரூபாய் என்றால் 40 நாளில் 600 ரூபாய். அது தானாகச் சேராது. தவக்காலத்தில் பங்குகளில் கொடுக்கும் அட்டை உண்டியலை டீ குடிக்கும் நேரத்தில் கண்ணில் படும் இடத்தில் வைத்து, அன்றைய 15 ரூபாயை அன்றைக்கே போட்டால்தான் சேரும். காரித்தாஸ் இந்தியா ஒவ்வொரு தவக்காலத்திலும் ஏழைகளுக்காக நிதி திரட்டுகிறது. தெரிந்த வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் கொடுக்கலாம்.

ஈஸ்டர் திங்கள் காலையில் என்ன செய்வது?

நோன்பை விட்டுவிடலாம், விடத்தான் வேண்டும். அது கொண்டாட்டக் காலம். 40 நாள் சொல்லாமல் வைத்திருந்த அல்லேலூயா திருப்பலியில் திரும்ப வந்திருக்கும். கறிக்குழம்பு கொதிக்கட்டும், டீயும் குடியுங்கள்.

ஸ்டூலில் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் விடாதீர்கள். மாற்கு முடிந்திருந்தால், அடுத்துத் திருத்தூதர் பணிகள், புராட்டஸ்டன்ட் பைபிளில் அப்போஸ்தலருடைய நடபடிகள். மொத்தம் 28 அதிகாரம். பாஸ்கா காலத் திருப்பலிகளிலும் அந்த நூலிலிருந்துதான் தினமும் முதல் வாசகம் வருகிறது. அதே குக்கர், அதே மூன்று விசில், தினமும் பாதி அதிகாரத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த வேகத்தில் போனால் பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குள் அதுவும் முடிந்துவிடும்.